மரம் இல்லையாம், கப்பல் இல்லையாம்: இடக்கை பேஸ் எப்போது வரும்?

வாசகர் கேள்வி:

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இடக்கைப் பழக்கம். இரண்டு வருடமாக எங்கள் சபைப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். சபையில் இருப்பது வலக்கை பேஸ். கம்பிகளை மாற்றிப் போட்டு, திருப்பிப் பிடித்து வாசிக்கிறாள். மெக்சிகோவில் செய்த நான்கு கம்பி ஜாஸ் பேஸ், இடக்கை மாடல், மர ரேகை தெரிகிற நிறம் வேண்டும் என்று ஒரு கடையில் 15,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. முதலில் ரோஸ்வுட் தடை என்றார்கள். அப்புறம் மரத் தட்டுப்பாடு. அப்புறம் செங்கடலில் கப்பல் வரவில்லை. இப்போது கம்பெனியே உற்பத்தியைக் குறைத்துவிட்டது, வந்தாலும் விலை கூடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா, வேறு வாங்கலாமா? வலக்கைக்கே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். டிசம்பரில் கேரல் தொடங்கிவிடும். சபை பேஸின் படங்களை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகர்கோவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வலக்கைக்கு மாற வேண்டாம். கிட்டாரைத் தொட்டே பார்க்காத இடக்கைப் பிள்ளை வந்து கேட்டால், இரண்டு விதமாகவும் ஒரு வாரம் பிடித்துப் பார், எது வசதியோ அதையே வைத்துக்கொள் என்பேன். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். இரண்டு வருடமாக வலது கை ஃப்ரெட்டைப் (நெக் என்ற கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) பிடிக்கிறது, இடது கை மீட்டுகிறது. பேஸில் காலத்தைப் பிடித்து நிற்பது மீட்டுகிற கைதான். ட்ரம்ஸோடு ஒட்டி நடக்கப் பழகிய அந்தக் கையை இப்போது மாற்றச் சொல்வது, கட்டுரை எழுதுகிற பிள்ளையை மறுபடி சிலேட்டில் அனா ஆவன்னா போடச் சொல்வது மாதிரி. கடையில் சரக்கு இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் கையை மாற்றக் கூடாது.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றில் சபை பேஸின் தலைப்பகுதி தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். நட் என்று சொல்வோமே, ஃபிங்கர்போர்டின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு, அதில் ஜி கம்பிக்காக அறுத்த குழியின்மேல் இ கம்பி இருக்கிறது. உள்ளே இறங்கவில்லை, மேலேயே நிற்கிறது. சாதாரண கம்பி செட்டில் இ கம்பியின் தடிமன் ஏறத்தாழ 2.7 மி.மீ., ஜி கம்பி 1.1 மி.மீ. மெல்லியதற்கு அறுத்த குழியில் தடித்தது எப்படி இறங்கும்? அதனால் முதல் ஃப்ரெட்டில் கம்பி எழும்பி நிற்கிறது. அழுத்தப் பலம் வேண்டும், பலமாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும். மறுபக்கம் ஜி கம்பி தன் அளவைவிட இரண்டு மடங்கு அகலமான குழிக்குள் ஆடிக்கொண்டிருக்கும். திறந்த கம்பியை மீட்டினாலே இரையும்.

இ கம்பியின் முதல் ஃப்ரெட் எஃப். எஃப் மேஜர் பாட்டு வரும்போதெல்லாம் அவள் சுருதி கூடுகிறாள் என்று பாடகர் குழுவில் யாராவது சொல்லியிருந்தால், அந்தக் குற்றம் அவள் காதுக்குச் சேராது, இந்த நட்டுக்குத்தான் சேரும். தயவுசெய்து இதை அவளிடம் சொல்லுங்கள். இப்படித் தன்மேல் சந்தேகப்பட்டு, "எனக்குச் சுருதி ஞானம் இல்லை அண்ணா" என்று கருவியைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளை என் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நட்டை மாற்றிக் கொடுத்தபின் அவர்கள் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

சபைப் பொறுப்பாளர்களிடம் அனுமதி கேட்டு, இடக்கை வரிசைக்குப் புதிதாக ஒரு எலும்பு நட் அறுத்துப் போடச் சொல்லுங்கள். கிட்டார் ரிப்பேர் பார்க்கிறவருக்கு ஒரு மணி நேர வேலை. பழைய நட்டைத் தட்டி எடுத்து ஒரு கவரில் போட்டு கிட்டார் பையிலேயே வைத்துவிடலாம். நாளை வலக்கைக்காரர் யாராவது வந்தால் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம், சபைப் பொருளுக்குச் சேதம் இல்லை. அப்படியே பிரிட்ஜில், அதாவது கம்பிகளின் மறுமுனை உட்காரும் இடத்தில், சேடில் என்ற சின்னத் தாங்கிகளை நகர்த்தி இன்டொனேஷனும், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேருகிறதா என்றும், பார்க்கச் சொல்லுங்கள். தடித்த கம்பிக்குச் சேடில் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். இப்போது அது தலைகீழாக இருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி சேராததற்கு அதுதான் காரணம்.

படத்தில் பிக்அப், அதாவது கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தப் பகுதி, இரண்டு துண்டாகப் பிரிந்து இருப்பதால் இது பிரிசிஷன் என்ற வகை பேஸ். வலக்கை பிரிசிஷனில் இ, ஏ கம்பிகளுக்கான பாதி நெக் பக்கமும், டி, ஜி கம்பிகளுக்கான பாதி பிரிட்ஜ் பக்கமும் இருக்கும். திருப்பிக் கம்பி கட்டும்போது இது மாறிப்போகிறது. கனத்த கம்பிகள் கொஞ்சம் இறுக்கமாகவும் மெல்லிய கம்பிகள் கொஞ்சம் உருண்டும் ஒலிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, இந்த ஒலியை விரும்பிக் கேட்கிற பேஸ் கலைஞர்களும் உண்டு. உண்மையான தொல்லை வேறு இடத்தில். பாடியின் நீளமான கொம்பு இப்போது கீழே போய்விட்டதால் ஸ்ட்ராப்பைக் குட்டைக் கொம்பில்தான் மாட்ட முடியும், நெக் தரையைப் பார்த்துச் சாயும். அகலமான, உள்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் வாங்கிக் கொடுங்கள், சாய்வு பாதி குறையும். ஃப்ரெட் எண் காட்டும் பக்கவாட்டுப் புள்ளிகளும் அவள் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கும். மேல் விளிம்பில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கையில் வாசிக்கும்படி ஒரு பேஸ் இருந்தால், புதியதை வாங்குவதில் பதற்றம் போய்விடும். பதற்றத்தில் இருப்பவர்களிடம்தான் "இதோ வருகிறது, அதோ வருகிறது" என்று சொல்ல முடியும்.

இனி அந்தப் பதினோரு மாதக் கதை. கடைக்காரர் சொன்ன நான்கு காரணங்களில் எதுவும் கற்பனை அல்ல. நான்கும் உலகத்தில் நடந்தவைதான். ஆனால் எது எப்போது நடந்தது, உங்கள் பேஸுக்கு எது பொருந்தும் என்பது வேறு கேள்வி.

ரோஸ்வுட். சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி, 2017 ஜனவரி 2 முதல் டல்பெர்ஜியா இன மரங்கள் அத்தனையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம், அதுவும் இந்த இனம்தான். கிட்டார் உலகில் அதற்கு 'இந்தியன் ரோஸ்வுட்' என்று பெயர். அதை வெட்டுவதற்குத் தமிழ்நாட்டில் 1994இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி வேண்டும் என்று ஆனது. 2017க்குப் பின் அந்த மரத்தில் ஃபிங்கர்போர்டு போட்ட கருவி எல்லை தாண்டினால் காகிதம், முத்திரை, காத்திருப்பு. அப்போதுதான் ஜாஸ் பேஸைச் செய்கிற ஃபெண்டர் கம்பெனி தன் மெக்சிகோ மாடல்களில் ரோஸ்வுட்டை விட்டு, தென்னமெரிக்க மரமான பாவ் ஃபெரோவுக்கு மாறியது. புபிங்கா மரமும் அதே நாளில் பட்டியலில் ஏறியது. வார்விக் கம்பெனியின் தம்ப் பேஸுக்குப் பாடியே அந்த மரம்தான், அதனால் பேஸ்காரர்களுக்கு அது இரட்டை அடி.

ஆனால் 2019 நவம்பர் 26 முதல், செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். முன்னமே கடுமையான தடையில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை, அது உங்கள் விலையில் வரும் பேஸில் இருக்கப்போவதும் இல்லை. ஆகவே பதினோரு மாதம் முன்பு சொன்ன இந்தக் காரணம், சொன்ன நாளிலேயே காலாவதி ஆனது.

மரத் தட்டுப்பாடு. இதில் உண்மை அதிகம், அதுவும் உங்கள் மகள் கேட்ட நிறத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ரேகை தெரியப் பூச வேண்டும் என்றால் ரேகை அழகாக இருக்கிற மரம் வேண்டும். அதற்குப் பல காலமாக ஃபெண்டர் பயன்படுத்தியது ஸ்வாம்ப் ஆஷ், மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதிச் சதுப்பு நிலங்களில் வளரும் ஆஷ் மரம். எடை குறைவு. தோளில் இரண்டு மணி நேரம் தொங்குகிற பேஸுக்கு அதுதான் பெரிய விஷயம்.

அந்த மரத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு ஆபத்து வந்தது. ஒன்று, மரகதப் பச்சை நிறத்தில் ஒரு சின்ன வண்டு. ஆசியாவிலிருந்து போனது, 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும். மரத்துக்கு நீரும் சத்தும் ஏறி இறங்கும் வழி அறுந்து, சில வருடத்தில் நின்ற நிலையில் பட்டுவிடும். இப்படிக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போயின. இன்னொன்று வெள்ளம். மிசிசிப்பியில் தண்ணீர் வடியாமல் மாதக்கணக்கில் நின்றால் மரம் வெட்ட உள்ளே போகவும் முடியாது, இளங்கன்றும் பிழைக்காது. 2020 தொடக்கத்தில், வழக்கமான மாடல்களில் ஸ்வாம்ப் ஆஷைத் தொடர முடியாது என்று ஃபெண்டர் வெளிப்படையாகவே அறிவித்தது. ஆல்டருக்கும் வேறு மரங்களுக்கும் மாறினார்கள். ஆல்டரின் ரேகை அமைதியானது, பெரும்பாலும் வண்ணம் பூசித்தான் வரும்.

எனவே இடக்கை என்பது ஒரு வடிகட்டி, ரேகை நிறம் என்பது இன்னொரு வடிகட்டி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் உலகத்திலேயே கொஞ்சம்தான் மிஞ்சும். உங்கள் மகளிடம் பேசிப் பாருங்கள். நிறத்தை விட்டுக்கொடுக்க அவள் தயாரா? கை அவளுடையது, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. நிறத்தில் இறங்கி வரலாம்.

செங்கடல். 2023 நவம்பரிலிருந்து அங்கே கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதால் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஓடும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இந்தோனேசியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ சென்னைக்கு வரும் சரக்கு மலாக்கா நீரிணை வழியாக வங்கக் கடலுக்குள் வருகிறது, செங்கடலைப் பார்ப்பதே இல்லை. மெக்சிகோ பேஸ் செய்யும் என்செனடா ஊரோ பசிபிக் கரையில் இருக்கிறது. சுற்றுவழி என்றாலும் கப்பலுக்குக் கூடுதலாகும் காலம் வாரக் கணக்குதான். அது பதினோரு மாதத்துக்குக் கணக்கு சொல்லாது.

நான்காவதாகச் சொன்னதுதான் உங்கள் விஷயம். உற்பத்திக் குறைப்பு.

2020 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் உள்ள ஃபெண்டர் தொழிற்சாலையை (ஊர்ப் பெயரே அதுதான்) நோய்ப் பரவலால் மூடினார்கள். என்செனடாவிலும் வேலை நின்றது. கிட்டார் வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நடந்தது நேர்மாறு. வீட்டில் அடைபட்ட ஜனங்கள் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள், அந்த வருடமே ஃபெண்டரின் வரலாற்றில் அதுவரை இல்லாத விற்பனை வருடம் ஆனது. தொழிற்சாலை அரைகுறை, கேட்பவர்கள் ஏராளம், போதாததற்கு 2021 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே நூறு கப்பலுக்கு மேல் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தன. கிடைக்காத பயத்தில் கடைகள் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டன. அந்தச் சரக்கெல்லாம் வந்து சேர்ந்தபோது ஆர்வம் அடங்கியிருந்தது. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 1924இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய சாம் ஆஷ் என்ற கடைக் குழுமம் 2024இல், சரியாக நூறாவது வருடத்தில், எல்லாக் கிளைகளையும் மூடியது.

இப்படிச் சரக்கு தேங்கும்போது எந்தத் தொழிற்சாலையும் எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்காது. ஓட்டலில் கூட்டம் குறைந்தால் தோசை நிற்காது, இடியாப்பம்தான் முதலில் போர்டிலிருந்து போகும். கிட்டார் தொழிற்சாலையில் தோசை என்பது ஆறு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார். பேஸ் எப்போதும் சின்னப் பங்கு. இளையராஜா பாட்டில் பேஸ் ஓடுகிற ஓட்டத்தை ரசிக்காத தமிழர் இல்லை, ஆனால் கடைக்குப் போய் பேஸ் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? பேஸுக்கு மரமும் அதிகம் வேண்டும். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதற்கு மேல் தலை. அவ்வளவு நீளத்துக்கு நேர் ரேகை உள்ள மேப்பிள் கட்டை, அதுவும் ஈரப்பதம் ஆறு எட்டு சதவீதத்துக்குள் வரும்வரை சூளையில் உலர்த்தியது வேண்டும். பெட்டியும் பெரிது, கன்டெய்னரில் எண்ணிக்கை குறையும்.

இடக்கை பேஸ் இந்தச் சின்னப் பங்குக்குள் இன்னும் சின்னப் பங்கு. பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர், அவர்களிலும் பலர் வலக்கையாகவே கிட்டார் கற்றுவிடுகிறார்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தை இடக்கை வடிவத்துக்கு மாற்றி, அதற்கான நட், ட்யூனிங் கீ எல்லாம் எடுத்துவைத்து, ஒரு பேட்ச் ஓட்டிவிட்டு மறுபடி வலக்கைக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலும் வருடத்துக்கு ஓரிரு முறைதான் இதைச் செய்வார்கள். குறைப்பு என்று வந்தால் தள்ளிப்போடுகிற முதல் பேட்ச் இதுதான். நம் ஊர் இறக்குமதியாளரும் அப்படியே. ஒரு கன்டெய்னரில் பணத்தை முடக்குகிறவர் சீக்கிரம் விற்கிற மாடலால்தான் அதை நிரப்புவார்.

என் அனுபவம் ஒன்று. 2021இல் ஒரு இடக்கை பேஸுக்கு ட்யூனிங் கீ செட் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். ஏழு மாதம். பிரித்துப் பார்த்தால் வலக்கை செட். திருப்பி அனுப்பினால் இன்னும் ஏழு மாதம். பேஸுக்குச் சொந்தக்காரத் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அண்ணா, இதையே போடுங்கள்" என்றான். போட்டோம். சாவி எதிர்த் திசையில் திருகும், மற்றபடி இன்றும் சுருதி நிற்கிறது. ஆனால் ஏழு மாதம் அவன் வாசிக்காமல் இருந்தான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான். அதனால்தான் சபை பேஸின் நட்டை முதலில் சரிசெய்யச் சொன்னேன்.

உற்பத்திக் குறைப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோர்ட் (Cort) என்ற கிட்டார் கம்பெனி 2007-08இல் தென்கொரியாவின் இஞ்சியோன், தேஜான் தொழிற்சாலைகளை மூடி வேலையை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் கொண்டுபோனது. வேலை இழந்த கொரியத் தொழிலாளர்களின் போராட்டம் 2019இல்தான் ஒரு உடன்பாட்டுக்கு வந்தது, பன்னிரண்டு வருடத்துக்கு மேல். நாம் மலிவாக வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. இன்று இந்தோனேசியாவின் சுரபயாவில் இருக்கும் கோர்ட் தொழிற்சாலை தன் பெயரில் மட்டுமல்ல, வேறு பல பெயர்களிலும் கிட்டார் செய்து கொடுக்கிறது. அந்தக் கைகளின் வேலை மட்டமில்லை. பெயர்ப்பலகையைப் பார்க்காமல் நெக்கைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, காத்திருக்கலாமா?

தாமதம் வேறு, குறைப்பு வேறு. தாமதம் என்றால் பேஸ் எங்கோ இருக்கிறது, கிடங்கிலோ கப்பலிலோ. காத்திருந்தால் வரும். குறைப்பு என்றால் அது இன்னும் மரமாகத்தான் இருக்கிறது. காத்திருப்பதால் மட்டும் அது பேஸ் ஆகிவிடாது. உங்களுடையது எது என்று கடைக்காரரிடமே கண்டுபிடிக்கலாம். நேரில் போய், கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் ஆர்டரை அவர் இறக்குமதியாளருக்கு எந்தத் தேதியில் அனுப்பினார், அதற்குக் காகிதமோ மெயிலோ இருக்கிறதா? இடக்கையில் அந்த மாடல் கம்பெனியின் இந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா? எந்த மாதப் பேட்ச் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால், அவர் சொல்லும் மாதம் வரை காத்திருங்கள், விலையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "வந்துவிடும் மேடம்" என்பது மட்டும்தான் பதில் என்றால் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால், ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். பெரும்பாலான கடைகள் அந்த அளவுக்குப் போக விடாது. கடைக்காரரும் இறக்குமதியாளர் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார், அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் 15,000 ரூபாய் பதினோரு மாதமாக அவர் கல்லாவில் இருக்கிறது, அதுவும் உண்மை.

பணம் கைக்கு வந்தால் என்ன வாங்கலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால், கடையில் இன்று கண்ணால் பார்க்க முடிகிற இடக்கை பேஸ்களை மட்டும் பார்ப்பேன். ஃபெண்டரின் விலை குறைந்த பெயரான ஸ்கொயரில், கிளாசிக் வைப் வரிசையின் 60களின் ஜாஸ் பேஸ் இடக்கையில் வந்திருக்கிறது, மகள் கேட்ட வடிவத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான். ஐபனீஸின் ஜிஎஸ்ஆர் வரிசையிலும் இடக்கை உண்டு, நெக் மெல்லியது, சின்னக் கைக்கு வசதி. இரண்டுமே மெக்சிகோ பேஸைவிட விலை குறைவு. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல செட்டப்புக்கு வையுங்கள், அது ஆடம்பரம் இல்லை. கன்டெய்னரில் வந்து, ஏசி கடையில் நின்று, நாகர்கோவில் மழைக்காற்றுக்கு வரும் நெக் எப்படியும் கொஞ்சம் வளையும். நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்பி, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்துப் பார்த்தால் நடுவில் விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு, சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பதினேழாம் ஃப்ரெட்டில் இ கம்பி 2.4 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. உயரம். இந்த அளவுகளில் வைத்த இந்தோனேசிய பேஸ், செட்டப் பார்க்காத மெக்சிகோ பேஸைவிட வாசிக்கச் சுகமாக இருக்கும். இதை எத்தனையோ முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடையில் எதுவுமே இல்லை என்றால் வயலின் வடிவ பேஸை விசாரியுங்கள். 1961இல் ஹாம்பர்க்கில், இடக்கைக்காரரான பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, இரண்டு பக்கமும் ஒரே வடிவம், இடக்கையில் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதுதான். அவரால் அந்த வகை இடக்கையில் கிடைப்பது மற்றவற்றைவிடச் சுலபம். குட்டை ஸ்கேல் (கம்பியின் நீளம் குறைவு), எடையும் குறைவு. ஒலி மட்டும் வேறு, உருண்டு சட்டென்று அடங்கும். கீர்த்தனைக்கு அழகாக இருக்கும், இன்றைய ஆராதனைப் பாடல்களின் நீண்ட அடிநாதத்துக்குக் கொஞ்சம் போதாது. வாங்கும் முன் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட் இடக்கை பேஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அரிது என்பதற்காக எதையும் வாங்கிவிடாதீர்கள். நெக்கைத் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் துப்பாக்கி குறி பார்ப்பதுபோலப் பாருங்கள். வில் மாதிரி வளைந்திருந்தால் சரிசெய்யலாம், கயிறு மாதிரி முறுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று ரிப்பேர் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒரு வழி கடைசியாக இருக்கிறது. நம் நாட்டிலேயே கையால் கிட்டார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடக்கை என்பது தனி பேட்ச் இல்லை, அச்சுப்பலகையைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டியதுதான். விலை அதிகம், காலமும் எடுக்கும், ஆனால் எந்த நிலையில் இருக்கிறது என்று வாரா வாரம் படம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இப்போது வேண்டாம். அவள் கல்லூரி முடித்து, தனக்கு என்ன ஒலி வேண்டும் என்று தனக்கே தெரிகிற வயதில் செய்து கொடுங்கள். ரேகை தெரிகிற மரத்தையும் அப்போது அவளே தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

கேரலுக்கு முன்னால் நட் வேலையை முடித்துவிடுங்கள். ரிப்பேர் பார்க்கிறவர் அக்கம்பக்கத்தில் இல்லை என்றால், பழைய நட்டின் நீளம், கனம், உயரம் மூன்றையும் மி.மீட்டரில் அளந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடக்கை வரிசைக்கு அறுத்து கூரியரில் அனுப்பிவிடுகிறேன். குழிகளைச் சற்று மேலாகவே விட்டிருப்பேன். பொருத்துகிறவர் கம்பியைக் கட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ராவி இறக்கிக்கொள்ளட்டும்.